பாட்டனார் விட்டுச் சென்ற அகராதி

அகராதியை இலக்கியமாகப் படிக்கும் வழக்கம் நம்மிடையே இல்லை. திண்ணைப் பள்ளிக் காலத்துப் பிள்ளைகள் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அந்நூல் ஏட்டில் இருந்த அளவுக்கு நாவிலும் வாழ்ந்தது. ஆயினும் கதை கேட்கும் ஆவலோடு அதை ஓதியவர் எவரேனும் இருந்திருப்பர் என்று தோன்றவில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி தொடங்கிச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வரை எதை எடுத்தாலும், தேடிய சொல் கிடைத்ததும் நூலை மூடிவிடுகிறோம். அச்சொல்லை யார் யாரிடம் சொன்னார், எந்த வேளையில் சொன்னார் என்று அகராதி கூறுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இவ்வாறு கேட்கத் துணிந்த ஒரு நாவல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்துள்ளது. தாரா ஜூன் வின்ச் எழுதி 2019-இல் வெளிவந்த 'தி யீல்ட்' என்பது அது. அந்நாட்டின் பெரும் இலக்கியப் பரிசாகிய மைல்ஸ் பிராங்க்ளின் விருதை 2020-இல் பெற்றது. பரிசு பெற்ற நூல்கள் எல்லாம் படிக்கத் தக்கவை என்று நாம் கூறோம். இதைப் படிக்கலாம் என்று கூறுவதற்குக் காரணம் அதில் வரும் அகராதிதான்.

ஆசிரியை விராஜுரி மக்களின் வழித்தோன்றல். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் மெக்குவாரி, லாக்லன், முரம்பிட்ஜி என்னும் மூன்று ஆறுகள் பாயும் பரந்த நிலம் அவர்களுடையது. நாவலில் ஆல்பர்ட் கோண்டிவிண்டி என்னும் முதியவர், தமக்குச் சாவு நெருங்கியதை அறிந்து, தம் மொழிச் சொற்களை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறார். அவர் இறந்த பின், பல்லாண்டுகள் இங்கிலாந்தில் இருந்துவிட்ட பேத்தி ஆகஸ்ட் இறுதிச் சடங்கிற்காக ஊர் திரும்புகிறாள். வந்து பார்த்தால் குடும்பம் வாழ்ந்த நிலத்தைச் சுரங்க நிறுவனம் ஒன்று கொள்ளப் போகிறது. பாட்டனார் எழுதிய தாள்களையும் காணவில்லை. இவ்விருவர் குரல்களோடு, அங்கே கிறித்தவ மிஷன் நடத்திய கிரீன்லீஃப் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1915-இல் எழுதும் நெடுங்கடிதமும் மூன்றாம் இழையாக ஓடுகிறது.

ஆல்பர்ட்டின் அகராதி ஆங்கில நெடுங்கணக்கின் இறுதியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருகிறது. தாம் வளர்ந்த வெள்ளையர் உலகமே தலைகீழானது. ஆகவே அகராதியும் அவ்வாறே போகட்டும் என்பது கிழவரின் நகைப்பு. ஒவ்வொரு பதிவிலும் முதலில் ஆங்கிலச் சொல், அடுத்து விராஜுரிச் சொல், அதன்பின் ஒரு நினைவு. மரத்தின் பெயர் வந்தால் அம்மரத்தைக் காட்டித் தந்தவரும் உடன் வருகிறார். சிறு வயதில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு ஆண்பிள்ளைகள் இல்லத்தில் அடைக்கப்பட்டவர் ஆல்பர்ட். அவருக்கு மொழியைக் கற்றுத்தர உயிரோடு எவரும் அருகில் இல்லை. முன்னோர்களே தோன்றி அவரை நடத்திச் சென்று, உணவுக்கு உரியது எது, மருந்துக்கு உரியது எது, ஆடுவது எவ்வாறு என்றெல்லாம் கற்பிக்கிறார்கள். இதை மாயம் என்று சொல்லிக் கடந்துவிடுதல் கூடாது. கற்பிப்போர் வரிசை அறுபட்டுப் போன இடத்தில் கதை ஒன்றே அவ்வரிசையை மீண்டும் கட்ட வல்லது என்பதை ஆசிரியை இவ்வுத்தியால் காட்டுகிறார். சொல்லுக்குப் பொருள் கூறுவதைவிடச் சொல்லை ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றுவதே அகராதியின் தொழில் என்று கிழவர் கருதுவதாக நாம் கொள்கிறோம்.

நூலின் பெயர்ச்சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது நிலத்திலிருந்து மனிதன் அள்ளிக்கொள்ளும் விளைச்சலைக் குறிக்கும். பணிந்து விட்டுக்கொடுத்தலையும் குறிக்கும். இதற்கு ஆல்பர்ட் தரும் விராஜுரிச் சொல் 'பாயந'. அதில் கால் மடக்கி நடத்தலும் உண்டு, கொடுத்தலும் உண்டு, பொருள்களுக்கு இடையே உள்ள வெளியும் உண்டு. ஒரு மொழி எடுப்பதை நினைக்க, மற்றொன்று கொடுப்பதை நினைக்கிறது. கோதுமை விளைத்தவரும் சுரங்கம் வெட்ட வந்தவரும் அம்மண்ணின் மக்களும் ஏன் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளவில்லை என்பது அந்த ஒரு பதிவுக்குள் அடங்கிவிடுகிறது. தமிழில் இந்நாவலைப் பெயர்ப்பவர் தலைப்பிலேயே திணறுவார். 'விளைச்சல்' என்றால் பாதிப் பொருள் போய்விடும். 'ஈவு' என்னும் சொல்லை நாம் நினைத்துப் பார்த்தோம். வகுத்தால் கிடைப்பதும் ஈவு, கொடுப்பதும் ஈவு. நடத்தல் என்னும் பொருள் அதிலும் வராது.

ஒலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விராஜுரியில் தாய்நிலத்தைக் குறிக்கும் சொல் 'ஙுரம்பாங்'. ஆங்கிலேய வாசகர் இதை உச்சரிக்கத் தடுமாறுவர். நமக்கோ ங என்னும் எழுத்தே இருக்கிறது. சொல்லுக்கு முதலாக வருவது அரிதாகி, ஆத்திசூடியில் ஔவையார் இடம் தந்ததால் பிள்ளைகள் வாயில் தங்கியிருக்கும் அவ்வெழுத்து, விராஜுரியில் எத்தனையோ சொற்களுக்கு முதலாக நிற்கிறது. 'பாயந' என்பதன் இறுதி ஒலியை ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக் கூட்டி எழுதுகிறார்கள். நம் நகரம் ஒன்றே அதற்குப் போதும்.

இவ்வாறு கூறியவுடனே நம்மவர் சிலர் இலெமூரியாவுக்குக் கப்பல் ஏறிவிடுவர் என்பதை அறிவோம். ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் உள்ள ஒப்புமைகளைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியது உண்மை. பிற்கால மொழியியலார் அவற்றை இன உறவுக்குச் சான்றாக ஏற்கவில்லை என்பதும் உண்மை. உறவு கொண்டாடினால்தான் ஒரு மக்களின் துயரம் நமக்கு விளங்கும் என்றால், குறை நம் படிப்பில் இருக்கிறது.

அத்துயரத்தின் அளவையும் அறிதல் வேண்டும். 1788-இல் ஆங்கிலேயர் குடியேறியபோது அக்கண்டத்தில் 250-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. இன்று குழந்தைகள் இயல்பாகக் கற்று வளரும் மொழிகள் ஏறத்தாழ 12 என்பர். மொழிகள் தாமாக மெலிந்து போகவில்லை. தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இல்லங்களிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்க்கும் கொள்கை 1970-ஆம் ஆண்டளவு வரை நடந்தது. 1997-இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அதைப் பதிவு செய்தது. 2008 பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். ஆல்பர்ட்டின் பதிவுகளில் இந்த வரலாறு ஆண்டுக் கணக்காக வரவில்லை. ஒரு சிறுவனுக்கு ஒரு சொல் கிடைக்காமல் போன நாளாக வருகிறது.

நாவலுக்கு வெளியிலும் ஓர் அகராதி உண்டு. ஸ்டான் கிராண்ட் என்னும் விராஜுரி முதியவரும் ஜான் ரட்டர் என்னும் மொழியறிஞரும் சேர்ந்து தொகுத்தது அது; ஆசிரியைக்கும் அது உதவியது. தம் பாட்டனார் பொது இடத்தில் விராஜுரி பேசியதற்காகக் காவலில் வைக்கப்பட்டார் என்று கிராண்ட் கூறியுள்ளார். அவ்வாறு பேசியவரின் பேரன் தொகுத்த சொற்களைப் பின்னாளில் சார்லஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகத்தில் பாடமாகக் கற்பித்தார்கள். நாவலின் கற்பனைக் கிழவர் எங்கிருந்து வந்தார் என்று தேடுவோர்க்கு இது போதும்.

காணாமற்போன தாள்களை ஆகஸ்ட் தேடுவது வெறும் குடும்பப் பாசத்தால் அன்று. 1992-இல் மாபோ வழக்கின் தீர்ப்பும் 1993-இல் பூர்விக நில உரிமைச் சட்டமும் வந்த பின், நிலம் கேட்போர் தம் மரபுத் தொடர்ச்சி அறவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டும். அறுத்தவர்களே அறவில்லை என்பதற்குச் சான்று கேட்கிறார்கள்! முர்ரே ஆற்றங்கரையின் யோர்த்தா யோர்த்தா மக்கள் தொடுத்த வழக்கில், 1998-இல் விசாரணை நீதிபதி, முதியோர் வாய்மொழியாகச் சொன்னதைவிட எட்வர்ட் கர் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளை மேய்ச்சற்காரர் எழுதி வைத்ததையே நம்பத் தகுந்ததாகக் கொண்டார். 2002-இல் உயர் நீதிமன்றத்திலும் அம்மக்கள் தோற்றனர். பாட்டி சொன்ன கதைக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. ஆல்பர்ட் பேசிவிட்டுப் போகாமல் எழுதிவிட்டுப் போனதன் காரணம் இங்கே விளங்கும். வாய்மொழி மரபில் வந்தவர், பகைவர் நம்பும் வடிவத்தில் தம் மொழியை வைத்துவிட்டுச் செல்கிறார்.

எழுதியவர்களும் தப்பவில்லை. ஙாரிஞ்ஜெரி இனத்து டேவிட் யுனைப்பன், தம் மக்களின் கதைகளைத் தாமே ஆங்கிலத்தில் எழுதித் தொகுத்தார். அக்கதைகள் 1930-இல் வில்லியம் ராம்சே ஸ்மித் என்பவர் பெயரால் இலண்டனில் வெளிவந்தன. அந்நூலில் யுனைப்பன் பெயரே இல்லை. 1995 முதல் அவர் உருவம் ஐம்பது டாலர் தாளில் அச்சாகிறது. அவர் நூல் அவர் பெயரால் வெளிவந்ததோ 2001-இல்தான். உருவத்தை முதலில் மதித்து, ஆறு ஆண்டுகள் கழித்துச் சொல்லை மதித்திருக்கிறார்கள்.

இனி, நூலின் குறைகள். மூன்று இழைகளும் ஒரே வலிவு உடையன அல்ல. பாதிரியாரின் கடிதம் காலத்துக்கு ஏற்ற நடையில் இருப்பினும், வாசகர் ஊகித்துவிட்டதையே விரித்து விளக்குகிறது. நல்லெண்ணம் கொண்ட மனிதர் ஒருவரே தீங்கின் கருவியாவது பெரிய பொருள். அதை அவர் வாக்குமூலமாகவே சொல்லி முடிப்பதால் நம் மனத்தில் அது விளையும் முன்பே அறுவடையாகி விடுகிறது. ஆகஸ்டின் பகுதியில், சிறுமியாய் இருந்தபோதே காணாமற்போன தமக்கை ஜெட்டாவைப் பற்றிய துக்கம் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்படுகிறது. காட்டப்படும் இடங்கள் குறைவு. ஆல்பர்ட் பேசத் தொடங்கும்போதெல்லாம் நாவல் நிமிர்ந்து உட்காருகிறது. ஐந்தாறு வரிகளில் ஒரு சொல், ஒரு மனிதர், ஒரு நகைப்பு, அதன் அடியில் ஒரு காயம். இவ்வளவு சிக்கனம் மற்ற இருவர்க்கும் கைவரவில்லை.

இந்நூலை ஆசிரியை பிரான்சில் வாழ்ந்துகொண்டு எழுதினார் என்பது, ஊர்விட்டு ஊர் வந்த நமக்குத் தனியாகச் சுவை தரும் செய்தி. நம் இல்லங்களிலும் பாட்டனார் ஒரு மொழியிலும் பேரன் வேறொரு மொழியிலும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுதல் அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. நம் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசியதற்காக எந்தக் காவலரும் நம்மைச் சிறையில் வைக்கவில்லை. இங்கே மொழி போவது வசதியால், பள்ளியால், நேரமின்மையால். அங்கே ஆல்பர்ட்டுக்குப் பேச ஆள் இல்லாமல் மொழி நின்றது. இங்கே ஆட்கள் உணவு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சொற்பட்டியல் எழுதித் தரும் பெற்றோர்கள் நம்மில் உண்டு. அப்பட்டியலில் எந்தச் சொல்லோடும் ஒரு மனிதர் வருவதில்லை. 'கொல்லை' என்றால் வீட்டின் பின்புறம் என்று எழுதிவிடுகிறோம். அக்கொல்லையில் யார் எதை நட்டார், எவர் அங்கே ஒளிந்து அழுதார் என்பதை எழுதுவதில்லை.

நாவலின் முடிவில் ஆல்பர்ட்டின் சொற்கள் முழுமையும் ஒரே அகராதியாகத் தொகுத்து அச்சிடப்பட்டுள்ளன. முதற்படிப்பில் பலரும் அப்பக்கங்களைப் பின்னிணைப்பு என்று புரட்டிவிடக் கூடும். இரண்டாம் முறை படிப்பவர்கள் அவற்றை மட்டும் தனியே எடுத்து, வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். ஙகரத்தில் தொடங்கும் சொற்களை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மைவிட விரைவில் சொல்லிவிடுவார்கள்.