கோட்டில் தெரியும் ஆட்டம்

கால்பந்து வீரரையோ பயிற்சியாளரையோ கேலிச்சித்திரமாக வரைபவர், அந்த ஒருவரிடம் மட்டும் இருப்பதைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்குகிறார். எல்லோரிடமும் இருப்பதைச் சுருக்கிவிடுகிறார். கட் அவுட்டும் பெரிதாக்கும் கலைதான். ஆனால் அது அனைத்தையும் ஒரே அளவில் பெரிதாக்குகிறது. 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோட்டை அடுத்த புல்லாவூரில் ஆற்றின் நடுவே மெஸ்ஸிக்கு 30 அடி கட் அவுட் எழுந்தது. அதற்குப் பதிலாக நெய்மருக்கு 40 அடியில் இன்னொன்று வந்தது. உலகமே அவற்றைப் பேசியது. அவற்றில் ரசிகர்களின் அன்பு முழுதாக இருந்தது. மெஸ்ஸி எப்படி ஆடுவார் என்பது அவற்றில் இல்லை. அரையடித் தாளில் நல்ல கேலிச்சித்திரக்காரர் அதைச் சொல்லிவிடுவார். அவருடைய படத்தை ஆட்ட அலசலாகவே படிக்கலாம் என்பதற்கு இதுவே காரணம்.

மிகைப்படுத்திய படம் ஏன் உண்மையான படத்தைவிடச் சட்டென்று அடையாளம் தெரிகிறது என்பதற்கு ஆராய்ச்சியில் விடை உண்டு. 1982-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூசன் பிரென்னன் ஒரு கணினி நிரலை உருவாக்கினார். பல முகங்களின் சராசரியை எடுத்துக்கொண்டு, ஒரு முகம் அந்தச் சராசரியிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அந்த விலகலை மட்டும் அந்த நிரல் கூட்டிக் காட்டியது. அவரும் ஜில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர்களின் கோட்டுப் படங்களைச் சரியான அளவில் வரைந்து காட்டியபோது பிடிபட்டதைவிட, மிகைப்படுத்திக் காட்டியபோது பார்ப்பவர்கள் வேகமாக அடையாளம் கண்டார்கள். விலகலைக் கண்டுபிடிக்க முதலில் சராசரி தெரிந்திருக்க வேண்டும். கால்பந்தில் சராசரி என்பது ஒரு முன்கள வீரர் வழக்கமாக எப்படி ஓடுவார், எப்படித் திரும்புவார், பந்தைக் காலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருப்பார் என்பது. நூறு ஆட்டக்காரர்களைப் பார்க்காதவரால் ஒருவரை வரைய முடியாது.

அரசியல் தலைவரை வரைவதற்கும் கால்பந்து வீரரை வரைவதற்கும் பெரிய வேறுபாடு இங்கேதான் வருகிறது. தலைவரை மக்கள் முகத்தால் அறிகிறார்கள். கால்பந்து மைதானமோ 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. மேல்வரிசையில் இருக்கும் ரசிகருக்கு வீரரின் மூக்கும் தாடையும் தெரிவதே இல்லை. ஆனாலும் முதுகைக் காட்டி நிற்கும் வீரரை, சட்டை எண்ணைப் படிக்கும் முன்பே அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். அவர் அறிந்திருப்பது தோள் சாயும் விதத்தையும் காலடியின் நீளத்தையும். அதனால் பெரிய தலை, குட்டி உடல் என்ற வழக்கமான வார்ப்பு கால்பந்துக்குப் பொருந்துவதில்லை. 1995-இல் பிரிட்டனில் வந்த கொரிந்தியன் புரோஸ்டார்ஸ் பொம்மைகள் அந்த வார்ப்பில்தான் செய்யப்பட்டன; பிள்ளைகள் ஆசையாகச் சேர்த்தார்கள். விளையாட்டுப் பொருளாக அது சரி. வரைபடத்தில் தலையை உடலின் பாதி அளவுக்கு ஏற்றினால் கால்களுக்கு இடமில்லாமல் போகிறது. கால்கள் போனால் ஆட்டமும் போயிற்று.

மெஸ்ஸியின் உயரம் 170 செ.மீ. அந்தக் குள்ளத்தை மட்டும் பெரிதாக்கினால் குள்ளமான ஒருவரின் படம் கிடைக்கும், மெஸ்ஸி கிடைக்கமாட்டார். குறுகிய காலடிகள், தரையை ஒட்டிய இடுப்பு, இடது காலை விட்டு விலகாத பந்து ஆகிய மூன்றும் சேரும் இடத்தில்தான் அவர் இருக்கிறார். கிறிஸ்டியானோ ரொனால்டோவைப் பிடிக்கத் தலைமுடியோ தசையோ வேண்டியதில்லை. ஃப்ரீ கிக் அடிக்கும் முன் அளந்து பின்வாங்கி, இரு கால்களையும் அகட்டி நிற்கும் அந்தக் கணம் போதும். பிரேசிலின் கரிஞ்சாவுக்கு இரு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று தடுப்பாட்டக்காரர்கள் குழம்பினார்கள். அந்த வளைவை மிகைப்படுத்தும் கோடு அவருடைய உடலைச் சொல்லும்போதே ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறது.

எளிதில் கிடைக்கும் அடையாளம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு 2002 உலகக் கோப்பையைவிட நல்ல பாடம் இல்லை. துருக்கிக்கு எதிரான அரையிறுதிக்கு முன் பிரேசிலின் ரொனால்டோ தலையை மழித்து, நெற்றிமேல் மட்டும் முக்கோணமாக ஒரு திட்டு முடியை விட்டுக்கொண்டு வந்தார். உலகமெங்கும் ஓவியர்கள் அந்த முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். காலில் இருந்த காயத்தைப் பற்றியே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்ததால், பேச்சைத் திருப்பவே அப்படி வெட்டிக்கொண்டதாக ரொனால்டோ பின்னாளில் சொன்னார். அவர் விரித்த வலையில் பத்திரிகையாளர்களோடு ஓவியர்களும் விழுந்தார்கள். அந்த ஜூனில் கவனிக்க வேண்டியிருந்தது அவருடைய முழங்கால். இரண்டு பெரிய காயங்களுக்குப் பிறகு பழைய நீண்ட ஓட்டத்தை அவர் குறைத்திருந்தார். பெனால்டி பெட்டிக்குள் குறைந்த தொடுதல்களில் கோலடித்தார். அரையிறுதியின் ஒரே கோல் அவருடையது. ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவையே. முடியை வரைந்த படங்கள் அந்த மாதத்தோடு பழசாகிவிட்டன. அந்தக் காலை வரைந்திருந்தால் அது ஓர் ஆவணமாக நின்றிருக்கும்.

சுனில் சேத்ரிக்கும் இதே கேள்வி எழுகிறது. இந்தியாவுக்காக மிக அதிக கோல் அடித்த அவர் உயரமானவர் அல்லர். ஆனாலும் உயரமான தடுப்பாட்டக்காரர்களுக்கு மேலே எழும்பித் தலையால் பல கோல்கள் போட்டவர். அவருடைய சிறிய உருவத்தையும் அந்த எழும்பலையும் ஒரே படத்தில் வைக்கும் ஓவியர், அவருடைய கணக்கைக் கச்சிதமாகச் சொன்னவர் ஆவார்.

பயிற்சியாளர் ஓடுவதில்லை. தொண்ணூறு நிமிடம் எல்லைக்கோட்டருகே நிற்பவரிடம் கிடைப்பவை உடை, நிற்கும் விதம், பதற்றம் வெளிப்படும் வழி ஆகியவைதான். மான்செஸ்டர் யுனைடெட்டின் அலெக்ஸ் ஃபெர்குசனின் சூயிங்கம் மெல்லும் தாடை, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டும் விரல். ஆர்சனலின் ஆர்சன் வெங்கரின் முழங்கால்வரை நீளும் குளிர்கோட்டு. கார்லோ அஞ்செலோட்டியின் உயர்ந்த புருவம். லீட்ஸ் அணியில் மார்செலோ பியெல்சா உட்கார்ந்திருந்த வாளி. இவற்றில் பியெல்சாவின் வாளிதான் ஓவியருக்குக் கிடைத்த பெரிய கொடை. ஆட்டத்தைத் தாழ்வான ஓர் இடத்திலிருந்து அசையாமல் படிக்கும் மனிதரின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது. காலமும் இங்கே முக்கியம். ஃபெர்குசன் 1986 முதல் 2013 வரையும், வெங்கர் 1996 முதல் 2018 வரையும் ஒரே இடத்தில் இருந்தார்கள். அவர்கள் முகம் முதிர முதிர ஓவியரின் கோடும் முதிர்ந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடும் பயிற்சியாளருக்கு அப்படி ஒரு வடிவம் அமைவது அரிது. சென்னையின் எஃப்.சி.க்கு 2014 முதல் 2016 வரை இருந்த மார்கோ மட்டராசியை உலகம் முன்பே ஒரு படமாக அறிந்திருந்தது: 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானின் தலை மோதிய மார்பு. 2015-இல் கோவாவில் கோப்பையை வென்ற பயிற்சியாளராக அவருக்குச் சென்னையிலேயே புதிய வடிவம் கிடைத்திருக்க வேண்டும். பழைய மார்பே எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது.

இந்தக் கலை வளர்ந்தது செய்தித்தாளிலும் சிறு அச்சுப் பொருள்களிலும்தான். இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் லண்டன் டெய்லி மெயிலில் டாம் வெப்ஸ்டர் ஒரு போட்டியை ஒற்றைப் படத்தில் அடக்காமல், சின்னச் சின்ன உருவங்களின் வரிசையாக ஓடவிட்டார். 1927-இல் ஜான் பிளேயர் சிகரெட் நிறுவனம் 'மாக்' என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் வரைந்த கால்பந்து வீரர்களின் கேலிச்சித்திரங்களை 50 அட்டைகளாக அச்சிட்டுப் பெட்டிக்குள் வைத்தது. இத்தாலியில் 'கார்லின்' என்று கையொப்பமிட்ட கார்லோ பெர்கோலியோ 1928-இல் ஒவ்வொரு அணிக்கும் ஒரு விலங்கை வரைந்தார். ஜுவெண்டஸின் வரிக்குதிரை இன்றும் அந்த அணியோடு சேர்த்தே பேசப்படுகிறது.

தமிழில் கைத்திறன் இல்லாமல் இல்லை. 1930-களில் ஆனந்த விகடனின் மாலி சபாக்களில் உட்கார்ந்து, பாடிக்கொண்டிருக்கும்போதே சங்கீத வித்வான்களை வரைந்தார். கை வீசும் கோணம், ஸ்வரத்தைத் தேடும்போது திருகும் வாய், தாளம் போடும் தொடை என்று அவர் பிடித்தது நிகழ்த்துகிறவரின் உடல். கால்பந்துக்குத் தேவைப்படுவதும் இதே கண்தான். அவரிடம் பயின்ற கோபுலு அதைப் பல துறைகளுக்குக் கொண்டுபோனார். தமிழ் இதழ்களின் விளையாட்டுப் பக்கம் பெரும்பாலும் கிரிக்கெட்டுக்கே போய்விட்டதால், அந்தக் கண் கால்பந்து மைதானத்தில் நிலைத்து உட்காரவில்லை. இது பெரிய இழப்பு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்திய அணியில் துளசிதாஸ் பலராம், பீட்டர் தங்கராஜ், சைமன் சுந்தரராஜ் ஆகியோர் இருந்தார்கள். அவர்கள் ஆட்டத்தைக் காட்டும் படச்சுருள்கள் மிகக் குறைவு. பலராம் பந்தோடு எப்படித் திரும்பினார், கோல்கம்பத்தை நெடிய உடலால் தங்கராஜ் எப்படி அடைத்தார் என்பதை ஒரு கோட்டு ஓவியர் பதிந்து வைத்திருந்தால் இன்றைய இளைஞருக்கு அது பாடமாக இருந்திருக்கும்.

அச்சு வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே, அர்ச்சுனா நதியின் குறுக்கே அணை நிற்கும் ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள வட்டாரம் முழுவதும் பட்டாசையும் தீப்பெட்டியையும் அச்சையும் நம்பி வாழ்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பிறகு, லேபிள் அடிக்கும் தேவையே இங்கு அச்சகங்களை வளர்த்தது. பட்டாசுப் பெட்டி லேபிள், தினசரி காலண்டர், நோட்டு அட்டை, பள்ளிப் பிள்ளைகளின் நேம் ஸ்லிப் எல்லாம் இங்கிருந்து போகின்றன. அவற்றில் முகங்கள் ஏராளம். ஆனால் அந்த முகங்களை ஆண்ட மரபு வேறு. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) வரைந்து சிவகாசியில் அச்சான சாமி காலண்டர்களில், முகம் எந்தத் தனிக் குறையும் இல்லாமல் இருபுறமும் ஒத்து, சராசரியின் அழகை நோக்கிப் போகிறது. வழிபாட்டுக்கு அதுவே பொருத்தம். நோட்டு அட்டையில் வரும் கால்பந்து வீரரின் புகைப்படத்தையும் டிசைனர் அதே வழக்கப்படி மெருகேற்றி, வெளுப்பாக்கி, முகச்சுருக்கத்தை அழித்துவிடுகிறார். கேலிச்சித்திரத்துக்கு வேண்டியவை முதலில் அழிபடுபவையே. ஆனைக்குட்டத்திலோ திருத்தங்கலிலோ இருந்து இந்த வேலைக்கு வரும் ஓர் ஓவியர் முதலில் கைவிட வேண்டியது அந்த மெருகைத்தான்.

மெருகைக் கைவிடுவது என்றால் எதையும் பெரிதாக்கலாம் என்று ஆகாது. ஒருவர் செய்வதை மிகைப்படுத்தலாம். அவர் பிறந்த நிறத்தையோ இனத்தையோ மிகைப்படுத்தக் கூடாது. 2012 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்து–இத்தாலி காலிறுதியை ஒட்டி, இத்தாலியின் கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட் நாளிதழ் தன் நாட்டு வீரரான மரியோ பலோட்டெல்லியை பிக் பென் கோபுரத்தின் மேல் ஏறிய கிங்காங்காக வரைந்து வெளியிட்டது. கண்டனம் எழுந்து, நாளிதழ் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அந்தப் படம் தவறானது. ஓவியமாகவும் அது தோற்றது, ஏனென்றால் பலோட்டெல்லியின் ஆட்டம் பற்றி அதில் ஒரு கோடும் இல்லை. 1992-இல் சுவீடனிடம் இங்கிலாந்து தோற்றபோது பயிற்சியாளர் கிரஹாம் டெய்லரின் தலையை டர்னிப் கிழங்காக்கி வெளியிட்ட சன் நாளிதழும் அவருடைய உத்திகளைத் தொடவில்லை. ஒரு மனிதரை ஆண்டுக்கணக்கில் அவமானப்படுத்தியதுதான் மிச்சம். பிரேசிலில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு நிகழ்வு உண்டு. ஃபிளமெங்கோ அணியின் ஏழைக் கறுப்பின ரசிகர்களை எதிரணியினர் பிணந்தின்னிக் கழுகு என்று இழிவாக அழைத்து வந்தார்கள். 1969-இல் ரசிகர்களே ஒரு கழுகை மரக்கானா மைதானத்துக்குக் கொண்டுவந்து பறக்கவிட, ஓவியர் ஹென்ஃபில் அதை அன்புக்குரிய பாத்திரமாக வரைந்து பரப்பினார். அது இன்று அந்த அணியின் சின்னம். கறுத்த தோலை நகைச்சுவையாக்கிப் பழகிய தமிழ்ச் சூழலில் வரைபவர்கள் இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம்.

சட்டத்தில் இந்தியாவில் ஓரளவு தெளிவு உண்டு. 2010-இல் பாடகர் தலேர் மெஹந்தி உருவப் பொம்மைகள் தொடர்பான வழக்கில், கேலிச்சித்திரமும் பகடியும் தம்மளவில் ஒருவரின் புகழுரிமையை மீறியவை ஆகிவிடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் குறிப்பிட்டது. கிரிக்கெட் வீரர்களின் வரைபடங்களோடு டிஜிட்டல் அட்டைகள் விற்ற நிறுவனத்துக்கு எதிரான வழக்கிலும் 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. இருந்தாலும் வீரர் ஒரு பொருளை ஆதரிப்பதாகத் தோன்றும்படி பெட்டியிலோ நோட்டு அட்டையிலோ படத்தை அச்சிடுவது வேறு சிக்கல். அங்கே அனுமதி பெறுவதே சரியான வழி.

வரையும் முறை புகைப்படத்தில் தொடங்கக் கூடாது. புகைப்படம் நின்ற கணத்தைத்தான் தரும். ஒரு முழு ஆட்டத்தை வீடியோவில் பார்த்து, தலையே இல்லாத குச்சி உருவங்களாக முப்பது நாற்பது அசைவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் அசைவு எதுவோ அதுவே எலும்புக்கூடு. முகத்தை அதன்மேல் கடைசியாக ஏற்றலாம். மிகைப்படுத்துவதற்கு ஓர் அம்சம், அதற்குத் துணையாக இன்னொன்று போதும். நான்கைப் பெரிதாக்கினால் எதுவும் பெரிதாகத் தெரியாது. செய்தித்தாளில் மை பரவும் என்பதால் கண்ணிமை, பல் போன்ற நெருக்கமான கோடுகளைக் குறைத்து இடைவெளி விட்டு வரைய வேண்டும். ஆஃப்செட்டில் நான்கு நிறம் ஏறும்போது நிறங்களின் பொருத்தம் (ரிஜிஸ்டர்) சற்று விலகினாலும் படம் கெடாமலிருக்க, வடிவம் முழுவதையும் கறுப்புக் கோடே தாங்கி நிற்க வேண்டும். நிறம் துணைக்கு வந்தால் போதும். பிளேட் போடும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு: சட்டை எண்ணையும் அணி நிறத்தையும் நீக்கி, முகத்தையும் மூடி, ஆட்டம் பார்ப்பவர் ஒருவரிடம் காட்டுவது. அவர் பெயரைச் சொல்லாவிட்டால் குச்சி உருவங்களிடமே திரும்பிப் போக வேண்டியதுதான்.