படியெடுத்தலும் படைப்பும்

முன்னோர் எழுதிய ஓவியத்தைப் பார்த்துப் படியெடுத்தலை அடிமைத் தொழிலென இகழ்வாரும் உளர். அதுவே கலையின் முடிந்த முடிபெனக் கொள்வாரும் உளர். இரு திறத்தாரும் ஓருண்மையை மறந்தனர். படியெடுத்தலாற் பெறும் பயன் படமன்று. அப்படம் உருவாகிய முறையின் அறிவேயாம்.

மட்டக்களப்பிலே புளியந்தீவுக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து 1638 இற் கைப்பற்றினர். பத்தாண்டுகளின் பின், 1648 இல், ஒல்லாந்து நாட்டு ஹார்லெம் நகரத்து ஓவியர் வில்லெம் ஹேடா, நண்டு வைத்த காலையுணவு மேசையொன்றைத் தைல வண்ணத்தில் எழுதினார். வெண்டுகில், வெள்ளிக் கூசா, கண்ணாடிக் கிண்ணம், நண்டு ஆகியவை அடங்கிய சாம்பல் நிறத்தில் அமைந்த அவ்வோவியம் இன்று லெனின்கிராட் எனப் பெயர் பெற்றிருந்த சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்து ஹெர்மிட்டாஜ் அரும்பொருளகத்தில் உள்ளது. நண்டை நன்கறிந்த வாவிக்கரை மாணவனுக்கு இஃது ஏற்ற பாடமாகும்.

ஆயின் அவன் கற்கவேண்டுவது யாது? அக்கால ஒல்லாந்த ஓவியர் முதலில் மங்கிய வண்ணத்தால் ஒளியையும் நிழலையும் வகுத்தனர். அதன்மேற் செறிந்த வண்ணம் இட்டனர். ஈற்றில் ஒளி ஊடுருவும் மென்பூச்சுப் பூசினர். ஆளிவிதை எண்ணெய் நீர்போல் ஆவியாவதன்று. காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல இறுகுவது. ஆதலின் மேற்பூச்சில் எண்ணெய் மிகுதல் வேண்டும். மாறின் வண்ணம் வெடிக்கும். அச்சுப்படமோ இவ்வடுக்குகளையெல்லாம் ஒரே தளமாக்கிவிடுகின்றது. அதனை மட்டும் பார்த்து எழுதுவோன் நிறத்தைப் பெறுவான், முறையை இழப்பான்.

இரவிவர்மாவின் வரலாறு இதற்குச் சான்று. 1868 இல் திருவனந்தபுர அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் அவருக்குக் கற்பிக்க இசைந்திலர். தாம் எழுதுங்காற் பார்த்திருக்க மட்டுமே இடமளித்தனர். முடிந்த படத்தையன்றி, அது வளரும் படிமுறையைக் கண்டமையே இளைஞருக்கு ஆசானாயிற்று. அம்முறையைக் கொண்டு அவர் தம் நாட்டு மாந்தரை எழுதி, 1873 இற் சென்னைக் கண்காட்சியிற் பொற்பதக்கம் பெற்றார்.

ஆகவே படியெடுத்து முடித்த மாணவன் அப்படத்தைச் சுவர்ப்புறந் திருப்பி வைத்து, வாவி நண்டொன்றைத் தன்முன் வைத்தல் வேண்டும். ஹேடாவின் ஒளி வடநாட்டு அறையொன்றிற் பக்கத்தே நுழைந்த மெல்லொளி. வாவிக்கரை ஒளியோ நீரிற்பட்டு மீண்டு நிழலுள்ளும் புகுவது. இந்நண்டுக்கும் ஹார்லெமின் சாம்பல் நிறத்தையே பூசுவானாயின் அவன் கை கற்றது, கண் கற்றிலது. முறையைக் கடன் கொள்ளலாம்; ஒளியைக் கடன் கொள்ளலாகாது.