தம்பிக்கு எழுதிய போர்க்கள மடல்கள்

அறிவுரை கூறுதல் எளிது. கேட்போன் உள்ளத்தில் தைக்குமாறு கூறுதல் அரிது. தமிழில் அறிவுரை நூல்களுக்குக் குறைவில்லை. மடல் வடிவிலும் அவை பல வந்துள்ளன. டாக்டர் மு. வரதராசனாரின் ‘தம்பிக்கு’ என்னும் நூலையும், அறிஞர் அண்ணா தம் இதழ்களில் தம்பிக்கு வரைந்த மடல்களையும் அறியாதார் இலர். அங்கே தம்பி என்பவன் ஒரு தலைமுறைக்கே பொதுவானவன். போர்க்களத்தை நேரிற் கண்ட ஒருவன், படையிற் சேர்ந்து கடல் கடக்க முற்படும் தன் உடன்பிறந்தானுக்கு எழுதும் மடலோ வேறு வகையினது. அதன் ஒவ்வொரு சொல்லும் ஓர் உயிரைப் பற்றியது. அத்தகைய மடல்களை இலக்கியமாகக் கொள்ளலாமா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

முதல் உலகப் போரில் இந்தியப் படை 1914 செப்டம்பரில் பிரான்சு நாட்டின் மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. போர் முடிவதற்குள் சுமார் 1,38,000 இந்தியர் அந்நாட்டுக்குச் சென்றனர். அவர்கள் வீட்டுக்கு எழுதிய பல்லாயிரம் மடல்களைப் படிக்க அரசு தணிக்கை அலுவலகம் ஒன்றை நிறுவியது. ஹோவெல் என்னும் அதிகாரி அதன் தலைவர். எழுத்தறியாத வீரர் பலர் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். அங்ஙனம் எழுதியவற்றிலிருந்து தணிக்கையாளர் ஆங்கிலத்தில் பெயர்த்தெடுத்த பகுதிகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் தேர்ந்தெடுத்த மடல்களை டேவிட் ஓமிசி 1999இல் நூலாக வெளியிட்டார்.

இம்மடல்களில் ஊக்க மொழிகளும் உண்டு. குலப்பெருமை காக்குமாறு கூறுவோரும், அரசின் உப்பைத் தின்றமைக்கு நன்றி பாராட்டுவோரும் உளர். அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. எனினும் புண்பட்டு பிரைட்டன் நகர மருத்துவமனையிற் கிடந்தோர் உறவினருக்கு எழுதியவற்றுள் வேறொரு குரல் கேட்கிறது: படையிற் சேராதே, சேர்ந்திருந்தால் இங்கு வாராதிருக்க வழி தேடு. போரின் பேரழிவை எடுத்துரைக்கப் பாரதப் போரை உவமை காட்டுவோர் பலர். வேறு சிலர் பிரான்சு நாட்டுப் பெண்களின் கல்வியைக் கண்டு, ஊரிலுள்ள தம் பெண்மக்களைப் படிக்க வைக்குமாறு எழுதினர். குண்டு மழைக்கு நடுவேயும் வீட்டுக் காரியத்தை மறவாமையே இவற்றின் தனிச்சுவை எனலாம்.

இக்குரல் தமிழுக்குப் புதியதன்று. கம்பன் கும்பகருணன் வதைப் படலத்தில் இதனையே காட்டுகிறான். தன்பால் வந்துவிடுமாறு வேண்டும் வீடணனிடம் கும்பகருணன் கூறும் விடையை நினைவு கூர்க. வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய தமையனுக்காகத் தான் மடிதல் செஞ்சோற்றுக் கடன். தம்பியோ இராமனிடமே மீண்டு சென்று உயிர் வாழ வேண்டும். இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்யக் குலத்தில் ஒருவன் எஞ்ச வேண்டும். தான் ஏற்காத அறிவுரையைத் தம்பிக்கு மட்டும் கூறுகிறான் அவன். அதில் முரண்பாடு போல் ஒன்று தோன்றலாம். ஆயின் அவ்வறிவுரைக்கு வலிமை தருவதே அதுதான். தான் மீள இயலாதென்று அறிந்தவன் கூறுவதால் அச்சொல் நம்பத் தக்கதாகிறது. பதுங்கு குழியிலிருந்து ‘நீ வாராதே’ என்று எழுதிய சிப்பாயும் உப்புக்குக் கட்டுப்பட்டவனே. கம்பன் காவியத்திற் கண்ட நிலையை எழுத்தறியாத உழவன் வாழ்விற் கண்டான்.

இனி மடலின் மொழியை நோக்குவோம். தணிக்கைக்கு அஞ்சி வீரர் சிலர் மறைமொழி கையாண்டனர். அவற்றுள் பேர்பெற்றது மிளகு பற்றியது. கருமிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயே புழங்குகிறது என்னும் கருத்துப்பட ஒருவர் எழுதினார். கருமிளகு இந்தியப் படையைக் குறிக்கும். சிவப்பு மிளகாய் வெள்ளையர் படையைக் குறிக்கும். நம் ஊரார் நல்லமிளகு என்று வழங்கும் அடுக்களைப் பொருள், ஆயிரக்கணக்கானோர் மாண்ட செய்தியைச் சுமந்து கடல் கடந்தது. உணவும் கருப்பொருள்களுள் ஒன்று என்பார் தொல்காப்பியர். கருப்பொருளை இடமாகக் கொண்டே உள்ளுறை உவமம் பிறக்கும். இலக்கணம் கல்லாத வீரன் தேவையினால் உள்ளுறையைக் கண்டடைந்தான். தணிக்கையாளர் அதன் பொருளை எளிதில் உணர்ந்துகொண்டனர். ஆகவே மறைமொழி என்னும் அளவில் அது பயன்படவில்லை. இலக்கியமாக இன்றும் நிற்கிறது.

ஒரு குறையையும் சுட்டுதல் கடன். நாம் படிப்பது பெரும்பாலும் தணிக்கையாளர் ஆங்கிலத்தில் தந்ததையே. வீரன் தம்பியை எவ்வாறு விளித்தான், எச்சொல்லில் தயங்கினான் என்பன அம்மொழிபெயர்ப்பில் மறைந்து போயின. பிரான்சுக்குச் சென்றோருள் வடநாட்டினரே மிகுதி. ஆகவே அங்கு தமிழ் மடலைத் தேடுவது அரிது. ஆயினும் அப்போர் நமக்கு அயலதன்று. பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்காவிற் போரிட்டது. காரக்கோணம் மருத்துவக் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த டாக்டர் சாமர்வெல், 1916இல் சோம் போர்முனையில் புண்பட்டோர்க்கு அறுவை மருத்துவம் செய்தவர். பின்னர் நெய்யூரில் ஏழைகளுக்குத் தொண்டாற்றியவர்.

இரண்டாம் உலகப் போரின்போதும் நம் எல்லைப்புற ஊர்களிலிருந்து இளைஞர் கடல் கடந்தனர். அவர்கள் தம்பியர்க்கு எழுதிய மடல்கள் தகரப் பெட்டிகளில் கிடத்தல் கூடும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதன்பின் இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் மலையாளமே கற்றனர். பாட்டன் எழுதிய தமிழைப் பேரன் எழுத்துக்கூட்டவும் அறியான். தணிக்கையாளன் கைக்குத் தப்பிய மடல், வீட்டுப் பெட்டியிலேயே படிக்க ஆளின்றி மட்கிப் போகிறது.

ஆண்டுதோறும் மலர் வெளியிடும் நம் சங்கங்கள் இதனைத் தம் பணியாக மேற்கொள்ளுதல் வேண்டும். வீடுதோறும் சென்று, கிடைக்கும் மடலைப் படியெடுத்து, அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுதல் முதற்கடன். அதன்பின் அதன் இலக்கியத் தகுதியை ஆராய்வோம். தமையன் எழுதிய சொல் முதலில் அவன் வீட்டாரைச் சென்றடைக.