சுடுபவரே நடுவராகும்போது

ஜெஃப் கூப்பர் வகுத்த ‘எல் பிரெசிடென்டே’ பயிற்சி, சொல்லக் கேட்டால் எளிதாகத்தான் தெரியும். பத்து கெஜத் தொலைவில் மூன்று இலக்கு அட்டைகள். வீரர் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பார். டைமர் ‘பீப்’ என்றதும் திரும்பி, இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி, அட்டைக்கு இரண்டு குண்டு சுட வேண்டும். மேகசினை மாற்றி, மறுபடியும் அட்டைக்கு இரண்டு. கூப்பர் காலத்தில் இதை 10 நொடியில் முடித்தவர் கைதேர்ந்தவர். இன்றைய முன்னணி வீரர்களுக்கு அதில் பாதி நேரமே போதும்.

இவ்வளவு வேகத்தில் மனதுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதலுக்கான உலக அமைப்பான ஐ.பி.எஸ்.சி., 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், கூப்பரை முதல் தலைவராகக் கொண்டு உருவானது. இதன் போட்டிகளில் பெற்ற புள்ளியை எடுத்த நொடியால் வகுப்பார்கள். கிடைப்பதுதான் ‘ஹிட் ஃபேக்டர்’. எல் பிரெசிடென்டேயில் 12 குண்டும் அட்டையின் நடுப்பகுதியில் பாய்ந்தால் 60 புள்ளி. 6 நொடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 10. ஒரே ஒரு குண்டு அட்டையையே தவறவிட்டால், அதற்குரிய 5 புள்ளி போவதோடு 10 புள்ளி தண்டமும் விழும். மிச்சம் 45, ஹிட் ஃபேக்டர் 7.5. அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் 4.5 நொடியில் முடித்திருக்க வேண்டும். கண நேரம் கவனம் பிசகுவதற்கான விலை இது.

இந்த விளையாட்டின் மனப்பயிற்சிக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒருவர் லானி பாஷம். ரைபிள் பிரிவில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெள்ளி, 1976 மாண்ட்ரியலில் தங்கம் வென்றவர். நல்ல சுடுதலை மனதில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார், தவறியதை அசை போடாதே என்பது அவர் பாடம். மற்றவர் பிரையன் ஈனோஸ். நடைமுறைச் சுடுதல் பற்றி 1990-இல் வெளியான அவரது நூல் வேறு வழியைக் காட்டுகிறது: உனக்கு நீயே கட்டளையிடாதே, நடப்பதைப் பார்த்துக்கொண்டிரு.

இரண்டு பாடங்களாலும் பலன் உண்டு. போட்டிக்கு முன் களத்தைச் சுற்றிப் பார்க்கக் கிடைக்கும் சில நிமிடங்களில் வீரர்கள் வெறுங்கையை நீட்டியபடி நடப்பதைக் காணலாம். எந்த இடத்தில் நிற்பது, எந்த அட்டையை முதலில் சுடுவது, எந்த அடி வைக்கும்போது மேகசினை மாற்றுவது என்று எல்லாவற்றையும் நடித்துப் பார்ப்பார்கள். பிறகு கண்ணை மூடி அதையே மனதில் ஓட்டுவார்கள். யோசிக்க வேண்டியதை அப்போதே யோசித்து முடித்துவிடுவதால், பீப் ஒலித்த பிறகு முடிவெடுக்க அதிகம் மிஞ்சுவதில்லை.

கோளாறு தன்மதிப்பீட்டில்தான் தொடங்குகிறது. பாஷத்தின் பாடம் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரமுள்ள ரைபிள் களத்தில் பிறந்தது. சுடுதலைக் குறித்து வைத்து, குறைக்குத் தீர்வு எழுதச் சொன்னவரும் அவரே. ‘கெட்டதை மற’ என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொள்பவருக்கு அது வசதியான மறதியாகிவிடுகிறது.

வீட்டில் தோட்டா இல்லாமல் செய்யும் பயிற்சியும் ஏமாற்றும். பின்னுதைப்பு இல்லை, பிடி தளர்ந்தாலும் தெரியாது. குறித்த நேரம் முடிந்ததைச் சொல்லும் டைமரின் இரண்டாவது பீப்பை முந்துவதற்காக விசையை வெடுக்கென்று இழுத்தாலும், குண்டு எங்கே போயிருக்கும் என்று காட்டுவதற்கு அட்டையில் துளை விழாது. நேரம் குறைந்துகொண்டே வரும், திறமை கூடிவிட்டதாகத் தோன்றும்.

அமைப்புகளும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகின்றன. அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. அமைப்பு வீரர்களைத் தரம் பிரிக்க, கடைசியாகக் கணக்கில் சேர்ந்த எட்டு மதிப்பெண்களில் சிறந்த ஆறின் சராசரியை நெடுங்காலம் பார்த்தது. 95 விழுக்காட்டை எட்டினால் ‘கிராண்ட் மாஸ்டர்’. துணிந்து வேகமாகச் சுட்டுப் பாழாக்கியவை ஒதுங்கிவிட, குருட்டதிர்ஷ்டம் கைகொடுத்தவை எஞ்சும். பெரிய போட்டியிலோ எந்தச் சுற்றையும் தள்ளிவிட முடியாது. தரப் பட்டியலில் உச்சியில் இருந்து, போட்டியில் பின்தங்குபவர்களுக்கு அங்கே ‘பேப்பர் ஜி.எம்.’ என்றே பட்டப்பெயர்.

மனதை அமைதிப்படுத்துவதும் தன்னை எடைபோடுவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் போலத் தெரிந்தாலும், இரண்டும் சேரும் இடம் ஒன்று உண்டு. குண்டு வெளியேறும் நொடியில் துப்பாக்கியின் முன்குறி எங்கே இருந்தது என்று கண்ணால் பிடித்து, அட்டையைப் பார்க்காமலே ‘இது நடுவில், அது இடப்பக்கம் சற்று விலகியது’ என்று சொல்வது. ஈனோஸ் வலியுறுத்திய கவனிப்பு இதுதான். சுட்டு முடித்ததும், நடுவர் அட்டையைப் படிப்பதற்கு முன் வீரர் தன் கணிப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால், நினைப்புக்கும் நடந்ததற்கும் உள்ள தூரம் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் இதனால் குண்டுகளைப் பற்றித்தான் அறிய முடியும். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகையில் கால்கள் தயங்கியதையும், துப்பாக்கி தாமதமாக உயர்ந்ததையும் சுடுபவர் உணர்வதே அரிது. அதற்கு நண்பரின் செல்பேசியில் பதிவான காணொளியைத்தான் நாட வேண்டும்.