ஊர்காண் காதையில் இல்லாதவள்

நாற்பத்தாறு வயதில் மதுரைக்கு மாறுதல் ஆணை வந்தபோது சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை மறுபடி எடுத்தேன். வகுப்புக்காக அல்ல, வீடு பார்ப்பதற்காக. ஓர் ஊருக்குப் புதிதாக வருகிற பெண் எங்கே தங்குவாள் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியோடு அதை நான் அதுவரை வாசித்ததில்லை.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு முதலில் தங்குவது மதிலுக்கு வெளியே, அறவோர் வாழும் புறஞ்சேரியில். கண்ணகியைக் கவுந்தியின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோவலன் ஊருக்குள் போகிறான். வாயிலைக் காக்கும் யவனர் ஐயுறாதபடி நுழைகிறான். பரத்தையர் வீதி, அங்காடி வீதி, மணியும் பொன்னும் துணியும் கூலமும் விற்கும் வீதிகள் எல்லாம் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். இது ‘ஊர்காண் காதை’. அடுத்து வருவது ‘அடைக்கலக் காதை’. அதில் ஆயர்குல முதுமகள் மாதரியிடம் கண்ணகி ஒப்படைக்கப்படுகிறாள். உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அவளை எவரும் கேட்டதாகக் காப்பியம் சொல்லவில்லை. ஊரைப் பார்த்தவன் ஒருவன், ஊரில் வைக்கப்பட்டவள் ஒருத்தி. இந்த இரண்டு காதைகளையும் வெறும் கதைப்போக்காகவே நானும் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்.

மாதரியின் வீட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கண்ணகிக்கு மதுரையில் அன்பு கிடைத்த இடம் அதுதான். ஆனால் அன்பு கிடைத்ததாலேயே அவளுக்குத் தேர்வும் இருந்தது என்று ஆகிவிடாது.

எனக்கும் அடைக்கலங்கள் தயாராக இருந்தன. “தனியா இருக்கீங்க மேடம், டவுனுக்கு வெளியே செக்யூரிட்டி போட்ட அபார்ட்மென்ட்தான் உங்களுக்குச் சரி” என்றார்கள் சக பேராசிரியர்கள். நான் கேட்டதோ மாசி வீதிப் பக்கம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றையொன்று சூழ்ந்து கிடக்கிற பழைய நகரம் அது. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் பெரியார் பேருந்து நிலையத்துக்கும் நடந்தே போகலாம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காய்ச்சல் வந்தால் மருந்துக்கடை பக்கத்தில் இருக்க வேண்டும், சமைக்க முடியாத நாளில் இட்லிக்கடை இருக்க வேண்டும். தனியாக மூப்படையப் போகிறவளுக்குப் பாதுகாப்பு என்பது இவைதான். ஊருக்கு வெளியே உள்ள ‘பத்திரமான’ வீட்டில் ஒவ்வொரு தேவைக்கும் நான் ஓர் ஆட்டோக்காரரையோ காவலாளியையோ எதிர்பார்த்திருப்பேன்.

நகரின் நடுவிலும் கதவு எளிதில் திறப்பதில்லை. ‘ஃபேமிலிக்கு மட்டும்’ என்பார்கள். பையன்கள் என்றால் பேச்சுலர் என்று ஒரு சொல்லாவது இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை. “கூட யாரு இருப்பாங்க?” என்பது முதல் கேள்வி. “சைவமா?” என்பது இரண்டாவது. அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு வீடு எல்லா வகையிலும் பிடித்திருந்தது. இரவு ஒன்பதரைக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்களாம். எனக்கு ஒரு சாவி வேண்டும் என்றேன். “லேடீஸுக்கு எதுக்கு?” என்றார் வீட்டுக்காரம்மா. முன்பணம் கொடுக்காமல் திரும்பினேன்.

தெருவில் கடைகளும் ஆட்களும் இருந்தால் அந்தக் கண்களே தெருவைக் காக்கும் என்று 1961இல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றிய தம் நூலில் எழுதினார். அதை நம் தெருக்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. என்னைக் காக்கிற அதே கண்கள்தான் என் வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்றும் கணக்கெடுக்கும். மும்பையை முன்வைத்து ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ இந்த முடிச்சைத் தொடுகிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை அடக்குவதற்குப் பதிலாக, காரணம் சொல்லாமல் பொதுவெளியில் இருக்கும் உரிமையை அது கேட்கிறது. அந்த உரிமைக்கு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: காரணம் சொல்லாமல் வீடு திரும்பும் உரிமை. ஒரு சாவியில் அடங்குகிற உரிமை அது.

கண்ணகியும் கடைசியில் மதுரையைப் பார்க்கிறாள். ஆனால் அந்தப் பகுதிக்குப் பெயர் ‘ஊர்சூழ் வரி’. கணவன் கொலையுண்ட பிறகு, கையில் ஒற்றைச் சிலம்போடு, ஊரே திகைத்து நிற்கத் தெருவில் வருகிறாள். இந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும்போது அவள் முதலில் தேடுவது பெண்டிரை. சான்றோரும் தெய்வமும் அதற்குப் பிறகுதான்.

வீடு தேடும் பெண்ணுக்கு அதுவே முதல் கேள்வியாக இருக்கட்டும். அதைத் தரகரிடம் கேட்டுப் பயனில்லை. மூன்று நாள் சாயங்காலம் நானே நடந்து பார்த்தேன். ஒன்பது மணிக்கு மேல் எந்தத் தெருவில் பூ விற்கும் அக்கா இன்னும் உட்கார்ந்திருக்கிறார், ஜவுளிக்கடை வேலை முடிந்த பெண்கள் எந்தத் தெரு வழியாகச் சிரித்துப் பேசிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார்கள் என்று பார்த்தேன். அந்தத் தெருவில், இரண்டாம் மாடியில், படி சற்றுச் செங்குத்தான ஒரு வீடு கிடைத்தது. இன்னும் இருபது ஆண்டு இந்தப் படியை ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்பது தெரியவில்லை.

வெளிக்கதவுச் சாவி என் கையில் இருக்கிறது.