மூன்று தீபாவளி ஓடிய குரல்

மண்ணச்சநல்லூரில் எங்கள் பெரியப்பா தலைமுறைக்கு ‘பாகவதர்’ என்றால் ஒரே ஒருவர்தான். எம்.கே. தியாகராஜ பாகவதர் என்று முழுப்பெயர் சொன்னால், ஏதோ வெளியூர்க்காரன் வந்து விசாரிக்கிறான் என்று பார்ப்பார்கள். அரிசி மில் களத்தில் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே அவருடைய பாட்டுகளைச் சங்கதி பிசகாமல் பாடுகிற ஆட்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். அதனால் இந்தக் கட்டுரையில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். இது ஒரு பித்துப் பிடித்த ரசிகன் எழுதுவது.

எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். இருபது வயது. எந்நேரமும் காதில் ராப். “மாமா, டூபாக் ஜெயில்ல இருக்கும்போதே அவரோட ஆல்பம் அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆச்சு, தெரியுமா? 1995-ல. உலகத்துல வேற யாருக்கு நடந்திருக்கு?” என்று கேட்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே நம்ம திருச்சிக்காரருக்கு நடந்திருக்குடா” என்றேன். அன்று இரவு அவனை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1944 தீபாவளிக்கு பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ படம் வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தத் தீபாவளியைக் கண்டது, 1945 தீபாவளியைக் கண்டது, 1946 தீபாவளியையும் கண்டது. படம் வந்து சில வாரங்களில், நவம்பர் 8-ஆம் தேதி, ‘இந்துநேசன்’ என்ற மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்துபோனார். முன்பு ‘சினிமா தூது’ நடத்தி நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை அச்சடித்தவர் அவர். பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் மனு கொடுத்து அந்தப் பத்திரிகையின் உரிமத்தை ரத்து செய்ய வைத்திருந்தார்கள். அந்தப் பகை இருந்ததால், கொலைச் சதியில் பங்கு என்று டிசம்பரில் மூவரையும் கைது செய்தார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஐகோர்ட் அப்பீலும் தள்ளுபடி.

யோசித்துப் பாருங்கள். பிராட்வேயில் சாருகேசி ராகத்தில் அவர் பாட, தியேட்டரே கிறங்கிக் கிடக்கிறது. அதே ஊரில் அவர் கைதி. திரையில் பாடியவர் கம்பிக்குப் பின்னால் இருக்க, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குரல் மீது அப்படி ஒரு நம்பிக்கை!

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மறுபடி விசாரிக்கச் சொல்லி அங்கிருந்து உத்தரவு வர, 1947 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. கொலை செய்தது யார் என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.

என் மருமகன் விடவில்லை. யங் தக் என்ற ராப் பாடகர் மீதான வழக்கில் பாட்டு வரிகளையே சாட்சியமாக எடுத்துக்கொள்ள ஜார்ஜியா நீதிபதி 2023-ல் அனுமதித்த கதையைச் சொன்னான். பாகவதரின் பாட்டை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றியிருந்தால் அந்தப் பாட்டே அவருக்காக வாதாடியிருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தவர். தட்டார் குடும்பம். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் அந்தச் சிறுவனின் குரலைக் கேட்டு, ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றினார். அந்த ஒரு காரியத்துக்காகவே நடேச ஐயருக்குத் திருச்சி நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பிறகு பொன்னு ஐயங்காரிடம் சங்கீதம். 1934-ல் ‘பவளக்கொடி’யோடு சினிமா. 1937-ல் ‘சிந்தாமணி’ ஓடிய ஓட்டத்தில், அந்த வசூலைக் கொண்டே மதுரையில் சிந்தாமணி டாக்கீஸைக் கட்டினார்கள். தோள் வரை புரண்ட அந்தத் தலைமுடி ‘பாகவதர் கிராப்பு’ என்று ஊர் ஊராகப் பரவியது.

பிருகா என்றால் அவருடைய பிருகா. உச்சஸ்தாயியில் நிற்கும்போதும் ஒரு சொல் கூட மங்காது. பாபநாசம் சிவன் எழுதி, ஜி. ராமநாதன் மெருகேற்றிய பாட்டுகளை அவர் பாடும்போது மேல்நோக்கிப் போகிற ஒவ்வொரு சங்கதியும் கொள்ளிடத்தில் புதுத்தண்ணீர் வருவதுபோல் வரும். மைக்கை நம்பிப் பாடுகிற குரல் இல்லை அது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்று பழகிய குரல்.

“ஜெயிலுக்குப் போய் வந்ததும் பாகவதர் முடிந்துபோனார்” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். படங்கள் ஓடவில்லை, உண்மை. ‘ராஜமுக்தி’ (1948) ஓடவில்லை. அதற்கு வசனம் எழுத பூனா போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, படம் வருமுன்பே இறந்துபோனார். அந்தத் துக்கம் தனி. ஆனால் அந்தப் படத்தில் சி.ஆர். சுப்பராமன் இசையில், அப்போதுதான் சினிமாவுக்கு வந்திருந்த எம்.எல். வசந்தகுமாரியோடு பாகவதர் பாடியதைக் கேளுங்கள். குரல் எங்கே தேய்ந்திருக்கிறது? ஒரு நூல் அளவு கூட இல்லை. முன்பு இல்லாத ஒரு நிதானம் வந்து சேர்ந்திருக்கிறது. முதல் தடவை அதைக் கேட்டபோது நான் அழுதேன். 1952-ல் வந்த ‘அமரகவி’யிலும் அதே நிதானம், அதே கம்பீரம். மாறியது ஜனங்களின் ரசனை. சிறைக்கு முந்தைய பாட்டுகளை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு, பிந்தியதை ஒதுக்கி வைத்திருப்பது அவருக்கு நாம் செய்கிற பெரிய அநியாயம்.

கடைசிக் காலத்தில் சர்க்கரை நோய் அவரை வாட்டியது. பார்வை மங்கியது. கச்சேரியை மட்டும் அவர் விடவில்லை. 1959 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49. உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

என் மருமகன் இப்போது ‘ராஜமுக்தி’ பாட்டுகளைத் தன் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். நீங்களும் ‘ஹரிதாஸ்’ பாட்டில் ஆரம்பித்து அங்கேயே நின்றுவிடாதீர்கள். அதைக் கேட்ட கையோடு ‘ராஜமுக்தி’யையும் ‘அமரகவி’யையும் தேடிக் கேளுங்கள். வீட்டில் இருபது வயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.