விதியும் வடிவமும்: ரெற்றிஸ் ஆட்டமும் பதிப்புரிமையும்

கலை, இலக்கியத் திறனாய்வு எனும்போது கணனி ஆட்டங்கள் நம் நினைவிற்கு வருவதில்லை. அவை சிறுவரின் பொழுதுபோக்கு என்ற கருத்துக் கற்றோரிடத்தும் வேரூன்றியுள்ளது. 2023 டிசெம்பரில் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவனொருவன், ரெற்றிஸ் ஆட்டத்தின் பழைய நின்ரெண்டோப் பதிப்பினை, அது மேற்கொண்டு இயங்கவியலாது உறைந்துவிடும் கட்டம்வரை ஆடினான். அதற்குமுன் மனிதர் எவரும் அவ்வெல்லையை எட்டியதாகப் பதிவில்லை. இச்செய்தியை வாசித்த பிரித்தானியத் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், திரையை விட்டெழுந்து வெளியே சென்று காற்று வாங்குமாறு அவனுக்குப் புத்தி கூறினார். சதுரங்க வீரனுக்கு எவரும் இவ்வாறு புத்தி கூறார். விளையாட்டுத்தானே என்ற இம்மனப்பாங்கிற்கு மற்றொரு முகமும் உண்டு. ஆட்டங்களைப் பிரதிசெய்து வழங்குவதிற் பிழையில்லை என்போரும் இதே சொற்களையே எடுத்தாள்கின்றனர். ஆக்கியோன் ஒருவன் உளன் என்பதை இருசாராரும் மறந்துவிடுகின்றனர்.

ரெற்றிஸின் ஆக்கியோன் அலெக்ஸி பஜித்னோவ். மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அவர், 1984ஆம் ஆண்டளவில் இதனை உருவாக்கினார். அவருக்குக் கிடைத்த எலெக்ட்ரோனிக்கா 60 என்னும் கணனி படங்களைக் காட்டவல்லதன்று. அடைப்புக்குறிகளை அடுக்கியே சதுரங்களைக் காட்டவேண்டியிருந்தது. நான்கு சதுரங்கள் இணைந்த ஏழு வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கும். ஆடுபவர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்கவேண்டும். இவ்வளவில் நின்றிருப்பின், திரை விரைவில் நிரம்பி ஆட்டம் முடிந்திருக்கும். நிரம்பிய வரிசைக்கு இனி வேலையில்லை, அது வீணே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றது என்பதைக் கண்டு, அதனை மறையச் செய்தமையே பஜித்னோவின் சாதனை. இடநெருக்கடியிற் பிறந்த இவ்விதியே ஆட்டத்திற்கு நீட்சியையும் பதற்றத்தையும் ஒருங்கே அளித்தது. இங்கு கதையில்லை, பாத்திரமில்லை, உபதேசமுமில்லை. உருவமா உள்ளடக்கமா என நம் விமர்சகர்கள் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். உருவமே உள்ளடக்கமாக அமைந்த ஆக்கத்திற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

ஆயினும் வெறுவெளியிலிருந்து எதுவும் தோன்றுவதில்லை. சதுரங்களை இணைத்துப் பெறும் வடிவங்களைக் கணிதவியலாளர் சொலமன் கொலம்ப் 1953இலேயே ஆராய்ந்து அவற்றுக்குப் பெயருமிட்டிருந்தார். ஐந்து சதுர வடிவங்களாலான புதிரொன்றே பஜித்னோவுக்குத் தூண்டுதலாயிற்று.

உரிமையின் கதை வேறு. பஜித்னோவ் தமது உரிமையைப் பத்தாண்டுகளுக்கு அரசுக்கு விட்டுக்கொடுத்தார். வெளிநாட்டு உரிமங்களை எலோர்க் என்ற சோவியத் அரச வர்த்தக நிறுவனம் கையாண்டது. 1989இல் வெளிநாட்டு நிறுவனங்கள் அந்நிறுவனத்தின் வாயிலிற் போட்டியிட்டு நின்றன. அதே ஆண்டில் நின்ரெண்டோவின் கேம் போய் என்னும் கையடக்கக் கருவிக்காக வெளிவந்த பதிப்பு 350 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. 1996இல் உரிமை மீளும்வரை ஆக்கியோனுக்கு உரிமைப்பணம் எதுவும் கிட்டவில்லை. அரசுடைமை அமைப்பும் முதலாளித்துவச் சந்தையும் வேறெதில் முரண்பட்டபோதும், இவ்விடயத்தில் ஒத்துப்போயின என்றே கூறவேண்டும்.

2012இல் நியூ ஜேர்சி சமஷ்டி நீதிமன்றத்தில் தீர்ப்பான வழக்கு நம் கவனத்திற்குரியது. எக்ஸியோ என்ற சிறு நிறுவனம் மினோ என்ற பெயரில் ரெற்றிஸைப் போன்ற ஆட்டமொன்றைக் கைத்தொலைபேசிக்கு ஆக்கி வெளியிட்டது. பார்த்துச் செய்ததை அந்நிறுவனம் மறுக்கவில்லை. விதிகளை மட்டுமே எடுத்தோம், விதி எவருக்கும் சொந்தமன்று என்றே வாதிட்டது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் எண்ணத்துக்கோ இயக்கமுறைக்கோ பாதுகாப்பளிப்பதில்லை. வெண்பாவின் யாப்பு எவருக்கும் பொது, அதில் அமைந்த செய்யுளே புலவனுக்குரியது என்பதை ஒத்த வேறுபாடு இது. ஆனால் ரெற்றிஸில் யாப்பே செய்யுளாகிவிட்டது. இவ்விடத்தில் நீதிமன்றம் எங்கே கோடு கிழிப்பது?

வரிசை நிரம்பினால் மறைதல் முதலாய விதிகளைப் பொதுவிற்கே விட்டது நீதிமன்றம். பத்துக்கு இருபது என்ற ஆடுகள அளவு, துண்டுகளின் தோற்றமும் வண்ணமும், துண்டு எங்கு விழும் என்று முன்காட்டும் நிழல் ஆகியவற்றை வெளிப்பாடு எனக் கொண்டு, எக்ஸியோ உரிமையை மீறியதாகத் தீர்த்தது. தீர்ப்புச் சரியே. விதி தனியுடைமையாகியிருப்பின் 1990இன் கொலம்ஸும் 1991இன் புயோ புயோவும் பிறந்திருக்குமா என்பது ஐயம்.

எனினும் விளைவைக் கூர்ந்து நோக்குமிடத்து ஒரு விநோதம் புலப்படும். பஜித்னோவ் உண்மையாகவே கண்டுபிடித்தது காவலற்று நிற்கின்றது. காவல் பெற்றவற்றுட் பல பின்னர் வந்து சேர்ந்தவை. பதிப்புரிமை ஆக்கியோனின் உரிமை என்று நாம் வழக்கமாகச் சொல்லிக்கொள்கின்றோம். இங்கு அது உரிமையாளனின் உரிமையாகவே தொழிற்படுகின்றது. நிழல் பிற்காலப் பதிப்புகளின் சேர்க்கை. வண்ணமோ, ஆட்டம் ஐ.பி.எம். கணனிக்கு மாற்றியெழுதப்பட்டபோது வந்தது. அதனை மாற்றியெழுதியோருள் ஒருவர் வடிம் கெராசிமோவ். அப்போது அவர் 16 வயதுப் பாடசாலை மாணவர். ரெற்றிஸை ஆடியோருள் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.